முதிய தம்பதியரின் வெளிநாட்டு ஊழியம்: பதினெட்டு மாதங்கள் எதற்குப் போதும்?

சக்கர நாற்காலி பெறும் ஒருவரை அதில் உட்காரவைத்த பிறகு, அதைப் பொருத்திக் கொடுக்கும் பணியாளர் அவருடைய உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்து, உட்காரும் எலும்பு அழுந்தும் இடத்தில் விரல் நுனிகளை மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். அரை சென்டிமீட்டராவது விரல் அசைந்தால் அந்த இருக்கை பாதுகாப்பானது. அசைக்க முடியவில்லை, ஆனால் கையை எளிதாக உருவ முடிகிறது என்றால் அது எச்சரிக்கை. உருவுவதே கடினம் என்னும் அளவுக்கு விரல் நசுங்கினால், அந்த இடத்தில் அழுத்தப் புண் வர நாள் பிடிக்காது. கால்களில் உணர்ச்சியற்ற ஒருவருக்கு அந்தப் புண் உயிருக்கே உலையாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அடிப்படைப் பயிற்சித் தொகுப்பில் கற்றுத்தரப்படும் இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கையும், கொஞ்சம் நிதானமும் இருந்தால் போதும்.

இந்தக் காட்சியின் ஓரத்தில், அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு கணவனும் மனைவியும் குறிப்பேட்டோடு நின்றுகொண்டிருப்பதுண்டு. நாற்காலியைப் பொருத்துவது அவர்கள் வேலை அல்ல. அதற்கான பயிற்சியும் பெரும்பாலும் அவர்களுக்கு இருப்பதில்லை. முதல் ஆளுக்குச் செய்த சோதனையை அந்தப் பணியாளர் மாலை நான்கு மணிக்கு வரும் முப்பதாவது ஆளுக்கும் செய்கிறாரா, முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா, ஆறு மாதம் கழித்து முன்சக்கரத்தின் பேரிங் தேய்ந்தால் யாரிடம் போவது என்று நாற்காலியை வாங்கிக்கொண்டவருக்குத் தெரியுமா என்பவற்றைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். வெளிநாட்டில் மனிதநேயப் பணி செய்யும் முதிய மிஷனரித் தம்பதியர் என்றதும் கிணறு தோண்டுவோரும் உணவுப் பொட்டலம் கொடுப்போருமே நம் மனதில் எழுகிறார்கள். நடைமுறையில் அவர்களுடைய நாட்களின் பெரும்பகுதி பயணத்திலும், விசாரிப்பதிலும், எழுதுவதிலும், எழுதியது உண்மைதானா என்று திரும்பப் போய்ப் பார்ப்பதிலும் கழிகிறது. அவர்கள் கையில் இருப்பது வரம்புக்குட்பட்ட ஒரு காலம். அந்தக் காலத்தின் நீளமே எந்த வேலையை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பதைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன்.

வயதானவர்களை அயல்நாட்டுத் தொண்டுக்கு அனுப்பும் வழக்கம் பல அமைப்புகளிடம் உண்டு. 1961-இல் அமெரிக்க அரசு தொடங்கிய பீஸ் கோர் அமைப்பில் சேர வயதுக்கு உச்சவரம்பு இல்லை. பின்னாளில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர் 1966-இல், தம் 68-ஆவது வயதில், அதன் தொண்டராக மும்பையை ஒட்டிய விக்ரோலிக்கு வந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்தார். ஆனால் கணவனும் மனைவியும் ஒன்றாக, ஓய்வு பெற்றபின், தங்கள் சொந்தச் செலவில் என்பதை நிலையான ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தது, மோர்மன் சபை என்று பொதுவாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைதான். 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய இந்தச் சபையின் தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. 2024 இறுதியில் உலகெங்கும் அதன் உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 1 கோடியே 75 லட்சமாக இருந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடக்கும் இளைஞர்களே அதன் முகமாக அறியப்படுகிறார்கள். 2024 இறுதியில் 74 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முழுநேர மிஷனரிகள் அதற்கு இருந்தனர். அவர்களுக்கு நடுவே, அவர்களுடைய தாத்தா பாட்டி வயதில் இருக்கும் தம்பதியர் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

இந்தச் சபையின் வரலாற்றில் ஊழியமும் இல்லறமும் முதலில் எதிரெதிராகவே நின்றன. 1839 செப்டம்பரில் சபையின் தொடக்ககாலத் தலைவர்களான பிரிகாம் யங்கும் ஹீபர் கிம்பலும் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது இருவரும் மலேரியாக் காய்ச்சலில் இருந்தார்கள். வீட்டில் மனைவி மக்களும் படுத்த படுக்கை. யங்கின் மனைவிக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் மணமான ஆண்கள் குடும்பத்தை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் வெளியூர் போவதே வழக்கமாக இருந்தது. தனிப் பெண்கள் முழுநேர மிஷனரிகளாக அதிகாரபூர்வமாக அனுப்பப்பட்டதே 1898-இல்தான். ஐனஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் என்ற இருவர் அவ்வாண்டு இங்கிலாந்து சென்றனர். மனைவியைப் பிரிந்து போவதே ஊழியம் என்றிருந்த ஒரு மரபு, மனைவியோடு சேர்ந்துதான் போக வேண்டும் என்று முதியவர்களுக்குச் சொல்லும் நிலைக்கு வந்து சேர்ந்திருப்பது சிறிய மாற்றம் அல்ல.

மனிதநேயப் பணி இந்தச் சபையில் தனியொரு துறையாக உருவெடுத்தது இன்னும் பின்னால்தான். 1985 ஜனவரி 27 அன்று எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக வட அமெரிக்க உறுப்பினர்கள் ஒருநாள் உபவாசம் இருந்து, அந்த வேளைகளின் உணவுக்கு ஆகும் பணத்தைக் கொடுத்தார்கள்; 60 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. மாதந்தோறும் இரண்டு வேளை உணவைத் தவிர்த்து அதன் மதிப்பை உபவாசக் காணிக்கையாகக் கொடுப்பது அவர்களிடம் ஏற்கெனவே இருந்த பழக்கம். புதிதாக எழுந்த கேள்வி, தங்கள் உறுப்பினர்கள் ஏறக்குறைய இல்லாத ஒரு நாட்டில் இந்தப் பணத்தை யார் மூலம், எப்படிச் செலவிடுவது என்பதாகும். அதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்று, அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் பிற அமைப்புகளோடு சேர்வது; மற்றொன்று, அந்த வேலையைக் கண்ணால் பார்த்து எழுத நம்பகமானவர்களை அங்கேயே தங்கவைப்பது. 1996-இல் நிறுவப்பட்ட லேட்டர்-டே செயின்ட் சாரிட்டீஸ் என்ற அமைப்பின் பெயரில் இரண்டுமே நடந்தன. முதிய தம்பதியருக்கு இந்த வேலையில் இடம் கிடைத்தது அந்த இரண்டாவது விடையால்தான்.

தகுதி விதிகள் சுருக்கமானவை. வீட்டில் தங்களை நம்பியிருக்கும் பிள்ளைகள் இருக்கக்கூடாது. இருவருக்கும் உடல்நலம் வேண்டும். சபையில் நல்ல நிலையில் இருக்க வேண்டும். 6, 12, 18, 23 மாதங்கள் என்று காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். எந்த நாடு, எந்த வகை வேலை என்று விருப்பத்தைத் தெரிவிக்கலாம். ஆனால் அழைப்புக் கடிதம் சபையின் உச்ச நிர்வாகக் குழுவான பிரதான தலைமையிடமிருந்து வருகிறது, அதில் இருக்கும் ஊர் கேட்ட ஊராக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மனிதநேயப் பணி அவர்கள் செய்யக்கூடிய பலவற்றில் ஒன்றுதான்: மிஷன் அலுவலகம், சபையின் கோயில்களில் பணி, வம்சாவளி ஆவணங்களைப் படம் எடுத்துப் பாதுகாப்பது, இளம் மிஷனரிகளின் உடல்நலத்தைக் கவனிப்பது என்று மற்றவையும் உண்டு.

பணம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த முறையின் பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன. தம்பதியர் தங்கள் வாடகை, உணவு, மருத்துவச் செலவு அனைத்தையும் ஓய்வூதியத்திலிருந்தும் சேமிப்பிலிருந்தும் தாங்களே செலுத்துகிறார்கள். பெருநகரங்களில் வெளிநாட்டவருக்கு ஏற்ற வீட்டின் வாடகை பலரைத் தடுத்து நிறுத்தியதால், 2011 செப்டம்பர் முதல் வீட்டுச் செலவில் தம்பதியரின் பங்குக்கு மாதம் 1,400 டாலர் என்ற உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. அதற்கு மேற்பட்டதைச் சபை ஏற்கும். அதே அறிவிப்பில், 18 மாதத்துக்குக் குறைவாக வெளிநாட்டில் ஊழியம் செய்ய விரும்புவோர் விமானக் கட்டணத்தைத் தாங்களே கொடுக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. ஆறு மாதம் மட்டும் வருபவரை முழுவதும் தடுக்காமலே, பதினெட்டு மாதம் தங்குவதைத் தலைமை ஊக்குவிக்கிறது என்பதை இந்த ஒரு விதியிலிருந்தே புரிந்துகொள்ளலாம். காரணம் எளிது: புதிய ஊரில் யார் சொல்லை நம்பலாம் என்று தெரிந்துகொள்வதற்கே முதல் ஐந்தாறு மாதம் போய்விடுகிறது.

மருத்துவக் காப்பீடு, வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றாத ஒரு சிக்கல். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டோர் பெரும்பாலும் நம்பியிருக்கும் மெடிக்கேர் திட்டம், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, நாட்டுக்கு வெளியே செல்லாது. எனவே வெளிநாடு போகும் தம்பதியருக்கு வேறு காப்பீடு தேவைப்படுகிறது. அதற்கான மாதத் தொகையும் அவர்கள் கணக்கில்தான் சேரும். இரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலி ஆகியவற்றோடு வாழும் வயதில், அழைக்கப்படும் இடம் நல்ல மருத்துவமனையிலிருந்து எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்பது பக்தியைவிட அதிகமாகவே முடிவைத் தீர்மானிக்கும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது வெளிநாடுகளில் இருந்த ஏராளமான மிஷனரிகள் தாய்நாட்டுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். வயது காரணமாக முதியவர்களின் நிலைதான் எல்லோரையும்விடக் கவலைக்குரியதாக இருந்தது.

போய்ச் சேர்ந்தபின் நடப்பது என்ன? தம்பதியரிடம் செலவழிக்கப் பணம் கொடுக்கப்படுவதில்லை. யோசனையை எழுதி அனுப்பும் பொறுப்பே கொடுக்கப்படுகிறது. ஒரு மாவட்ட மருத்துவமனையோ, மாற்றுத்திறனாளிகள் சங்கமோ, பள்ளி நிர்வாகமோ உதவி கேட்கும்போது, அவர்கள் நேரில் போய்ப் பார்க்கிறார்கள். கேட்பவரின் பதிவுச் சான்றைப் பார்க்கிறார்கள். கேட்கப்படும் பொருள் அந்த ஊரில் கிடைக்குமா, பல கடைகளில் விலைப்புள்ளி என்ன, கேட்கும் தரப்பு தன் பங்காக இடமோ, உழைப்போ, ஆளோ தருமா என்று விசாரித்துத் திட்ட முன்மொழிவாக எழுதுகிறார்கள். அதை அந்தப் பிராந்தியத்துக்கான அலுவலகம் பரிசீலித்து ஒப்புதல் தருகிறது. ஒப்புதல் கிடைத்தாலும் பணம் பெரும்பாலும் கேட்டவர் கைக்குப் போகாமல் நேரே பொருளை விற்பவருக்குப் போகிறது. பொருள் வந்து இறங்கும்போது எண்ணிப் பார்ப்பதும், சில மாதம் கழித்துப் போய் அது பயன்பாட்டில் இருக்கிறதா, பெட்டி பிரிக்கப்படாமல் கிடங்கில் கிடக்கிறதா என்று பார்ப்பதும் மீண்டும் தம்பதியரின் வேலை. ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியரோ, சிறுகடை நடத்தியவரோ, கணக்கரோ இந்த வேலைக்கு மிகவும் பொருந்துகிறார்கள் என்பதில் வியப்பில்லை. பில்லையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துப் பழகிய கண் அவர்களுடையது.

மொழி தெரியாத குறை உண்மையானது. இளம் மிஷனரிகளுக்குப் பயிற்சி மையத்தில் வாரக்கணக்கில் மொழி கற்பிக்கப்படுகிறது. தம்பதியருக்கான பயிற்சி மிகக் குறுகியது. வணக்கம், நன்றி, எவ்வளவு, எப்போது என்ற அளவில் நின்றுவிடுபவர்களே அதிகம். எனவே அவர்கள் கேட்பதெல்லாம் மொழிபெயர்ப்பவரின் வாய்வழியே வருவது. அந்த மொழிபெயர்ப்பாளர் உதவி கேட்கும் சங்கத்தின் செயலாளருக்கே உறவினராக இருந்தால், கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் வழியிலேயே உருமாறிவிடும். அனுபவப்பட்ட தம்பதியர் இதற்குக் கண்டுபிடித்த மாற்று, வார்த்தையை நம்பாமல் பொருளைத் தொட்டுப் பார்ப்பது. கழிப்பறை பயன்பாட்டில் இருக்கிறது என்று சொன்னால், கதவின் தாழ்ப்பாளில் துரு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

தண்ணீர்த் திட்டங்களில் இந்தப் பார்வை எவ்வளவு தேவை என்பதற்குக் கைப்பம்பு நல்ல உதாரணம். இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் விலகிச் சென்று சொல்கிறேன். மகாராஷ்டிராவின் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் மிஷன் ஊழியர்கள் வறட்சிக் கிராமங்களுக்காக உருவாக்கிய உறுதியான பம்புகளை அடிப்படையாக வைத்து, 1970-களில் யுனிசெஃப் உதவியோடு ‘இந்தியா மார்க் 2’ வடிவமைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்டு, சென்னையில் இருந்த பொதுத்துறை நிறுவனத்தில் உற்பத்தியான அந்தப் பம்பு பின்னர் ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது. அதற்கு முன் இருந்த வார்ப்பிரும்புப் பம்புகள் வீட்டுக்கொல்லைக்காகச் செய்யப்பட்டவை. நாளெல்லாம் ஊரே அடித்தால் உடைந்துபோயின. மார்க் 2 எளிதில் உடையவில்லை. ஆனால் அதன் உள்ளே ஆழத்தில் இருக்கும் உருளையின் வாஷர் தேய்ந்தால், அதை மாற்ற மேலே இருந்து மூன்று மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழற்ற வேண்டும். அதற்குத் தனிக் கருவிகளும் நாலைந்து ஆட்களும் தேவை. அடுத்து வந்த மார்க் 3-இலும் ஆஃப்ரிடெவ் பம்பிலும், குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை மட்டும் உருவி வாஷரை மாற்ற முடியும். ஒரு ஊருக்கு எந்தப் பம்பு என்ற கேள்வியின் உண்மையான பொருள், அந்த ஊரில் எத்தனை பேர், எந்தக் கருவியோடு, யார் பணத்தில் அதைப் பழுது பார்ப்பார்கள் என்பதாகும்.

சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் எந்த நேரத்திலும் கைப்பம்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயங்காமல் கிடக்கிறது என்ற மதிப்பீடு இந்தத் துறையில் உள்ளவர்கள் அனைவரும் அறிந்தது. அவை எல்லாம் ஏதோ ஒரு நல்ல நாளில், மாலையும் புகைப்படமுமாகத் திறந்துவைக்கப்பட்டவைதாம். பதினெட்டு மாதம் தங்கும் தம்பதியருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது: தோண்டும் வேலை நாலு மாதத்தில் முடிந்துவிடும், முதல் வாஷர் தேய்வதோ அவர்கள் ஊர் திரும்பிய பிறகு. தாங்கள் இருக்கும் காலத்துக்குள் எல்லாம் நன்றாகவே தெரியும். இந்தச் சபையின் தண்ணீர்த் திட்டங்களில் ஊர்க் குழு அமைப்பது, சுகாதாரப் பயிற்சி கொடுப்பது, ஊர் மக்கள் உழைப்பைப் பங்களிப்பது என்ற நிபந்தனைகள் சேர்க்கப்பட்டிருப்பது இதனால்தான். குழு இருக்கிறதா என்பது முன்மொழிவில் ஒரு கட்டத்தில் டிக் போடும் வேலை. குழுவின் பொருளாளர் கையில் உண்மையிலேயே பழுதுநிதி இருக்கிறதா, உதிரி வாஷர் வாங்கி வைத்திருக்கிறாரா என்று கேட்டு, எடுத்துக்காட்டச் சொல்வது வேறு வேலை. முன்னதை எந்த அலுவலகத்திலிருந்தும் செய்யலாம். பின்னதற்குத்தான் ஆள் நேரில் போக வேண்டும்.

பிறந்த குழந்தைகளுக்கு மூச்சூட்டும் பயிற்சி இந்தக் கால வரம்புக்குள் சிறப்பாகப் பொருந்தியது என்பேன். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு மூச்சுவிடத் தொடங்க ஏதேனும் உதவி தேவைப்படுகிறது. துடைத்து, முதுகைத் தேய்த்து, தேவைப்பட்டால் முகமூடியும் பையும் கொண்டு காற்றைச் செலுத்துவதை முதல் ஒரு நிமிடத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பதால் அந்த நிமிடத்துக்குப் ‘பொன்னான நிமிடம்’ என்று பெயர். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பிற அமைப்புகளோடு சேர்ந்து 2010-இல் இதற்கான எளிய பாடத்திட்டத்தை அறிமுகப்படுத்தியது. இந்தச் சபையும் அதில் ஒரு பங்காளி. தண்ணீர் நிரப்பினால் பச்சிளங்குழந்தையின் எடையும் தொய்வும் வந்துவிடும் ஒரு பொம்மை, கையால் அமுக்கும் பை, படங்கள் நிறைந்த கையேடு ஆகியவையே பயிற்சிப் பொருள்கள். மருத்துவர்களும் தாதியரும் குறுகிய காலம் வந்து உள்ளூர்ப் பயிற்றுநர்களை உருவாக்குவார்கள்; அவர்கள் அடுத்த நிலையினருக்குக் கற்பிப்பார்கள். தம்பதியரின் பங்கு முன்னும் பின்னும் வருகிறது: சுகாதாரத் துறையோடு நாள் குறிப்பது, சுங்கத்தில் நிற்கும் பெட்டிகளை மீட்பது, பின்னர் பிரசவ அறைகளுக்குப் போய்ப் பொம்மையும் பையும் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது. அலமாரியில் பூட்டி, சாவி கண்காணிப்பாளரிடம் இருந்தால், இரவு இரண்டு மணிக்குப் பிறக்கும் குழந்தைக்கு அதனால் பயனில்லை. கைப்பழக்கம் சில மாதங்களில் மங்கிவிடும் திறமை இது. அறையின் மூலையில் பொம்மை எப்போதும் எட்டும் தூரத்தில் இருந்தால்தான், வேலை ஓய்ந்த நேரத்தில் செவிலியர் எடுத்துப் பழகுவார்.

இனி, தமிழ் வாசகர் பலருக்கும் முதலிலேயே எழுந்திருக்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். தமிழ்க் கிறிஸ்தவர் பேச்சில் ‘ஊழியம்’ என்ற சொல் பிரசங்கத்தையும் குறிக்கும், தொண்டையும் குறிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதுதான் கேள்வி. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பிற தொண்டு அமைப்புகளும் 1994-இல் வகுத்த நடத்தை நெறியின் மூன்றாவது கூறு, எந்த அரசியல், சமய நிலைப்பாட்டையும் வளர்க்க உதவி பயன்படுத்தப்படக்கூடாது என்கிறது. சபையும் தன் மனிதநேய உதவி இனமோ சமயமோ பாராமல் கொடுக்கப்படுவது என்று அறிவித்திருக்கிறது. பிரசாரம் செய்வதில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு இயங்கும் இடங்களும் அதற்கு உண்டு. ஜெருசலேமில் அதன் பல்கலைக்கழக மையம் அப்படிப்பட்ட உறுதிமொழியின் பேரில்தான் செயல்படுகிறது. 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் இஸ்லாமிக் ரிலீஃப் அமைப்போடு சேர்ந்து வேலை செய்ததும் பதிவில் உள்ளது. மனிதநேயத் தம்பதியர் பொதுவாகப் பிரசங்கம் செய்வதில்லை; சூழலைப் பொறுத்துப் பெயர்ப்பட்டையைக் கூட அணியாமல் இருப்பதுண்டு.

இருந்தாலும் கோடு தானாக நிற்பதில்லை. மிஷனரி என்ற பட்டத்தோடு, அந்தச் சபையின் பெயரில் ஒருவர் நாற்காலிகள் கொண்டுவந்து இறக்கும்போது, அவர் வாயே திறக்காவிட்டாலும் யார் கொடுத்தது என்பது ஊருக்குத் தெரியும். உள்ளூர்ச் சபை உறுப்பினர்கள் மஞ்சள் மேலாடை அணிந்து உதவிப் பணிக்கு வரும் இடங்களில் அது இன்னும் துலக்கமாகத் தெரியும். வாங்குபவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதை நிரூபிக்க ஒரே வழி, பட்டியலை வேறொருவர் தயாரிப்பதுதான்: யாருக்கு நாற்காலி என்பதை அரசு மருத்துவமனையோ மாற்றுத்திறனாளிகள் அமைப்போ தீர்மானித்து, தம்பதியர் அதில் கைவைக்காமல் இருந்தால், சந்தேகத்துக்கு இடம் பெரிதும் குறையும். சட்டப் பக்கமும் இருக்கிறது. இந்தியா உட்படப் பல நாடுகள் சமய ஊழியத்துக்குத் தனி விசா வைத்திருக்கின்றன. சுற்றுலா விசாவில் வந்து அந்த வேலையைச் செய்வது விதிமீறல். எந்த விசாவில், என்ன நோக்கம் எழுதி வந்திருக்கிறோம் என்பதைத் தம்பதியர் நினைவில் வைத்தே நடக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கேள்வி சபைக்கு உள்ளிருந்தே எழுவது. 2024-இல் தேவையிலிருப்போருக்கான உதவிக்கு 145 கோடி டாலர் செலவிட்டதாகவும், 192 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் 3,836 மனிதநேயத் திட்டங்கள் நடந்ததாகவும் சபை கணக்குக் காட்டியது. இதில் உபவாசக் காணிக்கை வழியே சொந்த உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் உதவியும் அடக்கம். மறுபுறம், பெரும் முதலீட்டுத் தொகுப்பின் அளவு வெளியே தெரியாதபடி ஆவணங்களைத் தாக்கல் செய்ததாகச் சொல்லி, 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் சபைக்கும் அதன் முதலீட்டு நிறுவனத்துக்கும் சேர்த்து 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. இவ்வளவு செல்வம் உள்ள அமைப்பு, ஓய்வூதியத்தில் வாழும் இருவரிடம் அவர்களுடைய செலவை அவர்களே பார்த்துக்கொள்ளச் சொல்வது ஏன்? தியாகம் செய்தால்தான் ஊழியம் என்ற சமயக் காரணத்தை அவர்கள் சொல்வார்கள். எனக்குத் தோன்றும் நடைமுறைக் காரணம் வேறு: சொந்தப் பணத்தில் வந்தவருக்கு வேலையைத் தக்கவைத்துக்கொள்ளும் கவலை இல்லை. ஒரு திட்டம் சரியில்லை என்று எழுத அவருக்குத் தயக்கம் குறைவு. பதவி உயர்வும் இல்லை, அடுத்த ஆண்டு ஒப்பந்தமும் இல்லை. ஊதியம் வாங்கும் தொண்டு நிறுவன அலுவலருக்கு இந்தச் சுதந்திரம் எளிதில் வாய்ப்பதில்லை. இதற்கு எதிர்விலையும் உண்டு: வசதி படைத்தவர்கள் மட்டுமே வர முடிகிறது, அவர்கள் பார்வையில் வறுமை என்பது முதல் ஆறு மாதம் அதிர்ச்சியாகவே இருக்கிறது, அதிர்ச்சியில் எழுதப்படும் முன்மொழிவுகள் தேவையைவிடப் பெரிதாகிவிடுகின்றன.

கணவனும் மனைவியும் சேர்ந்தே வேலை செய்வது கேட்க இனிமையானது; பழகச் சிரமமானது. நாற்பது ஆண்டுகள் வெவ்வேறு வேலைகளில், வெவ்வேறு வட்டங்களில் இருந்தவர்கள் இப்போது ஒரே சிறு வீட்டில், ஒரே வண்டியில், ஒரே கோப்பின் இரு பக்கங்களாக இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறார்கள். ஆயினும் கள வேலையில் இந்த இணைக்குத் தனி மதிப்பு இருக்கிறது. பெண்கள் அந்நிய ஆணிடம் பேசத் தயங்கும் ஊர்களில் மனைவி சமையலறைக்குள்ளோ பிரசவ அறைக்குள்ளோ அழைத்துச் செல்லப்படுகிறார். வெளியே கணவரிடம் ஊர்த் தலைவர் சொல்லும் கணக்குக்கும் உள்ளே பெண்கள் சொல்லும் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் தெரியவருகிறது. நரைத்த தலைக்குக் கிடைக்கும் மரியாதையும் சேர்ந்துகொள்கிறது. இருபத்தைந்து வயது ஆலோசகர் வாரக்கணக்கில் காத்திருக்கும் அலுவலகத்தில், இவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுவார்கள். ஊரில் விட்டுவந்த பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள்களும், சில சமயம் உடன்பிறந்தாரின் மரணமும் கைப்பேசித் திரை வழியே கடந்துபோவதுதான் அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை.

கடைசி இரண்டு மாதங்கள் கையளிப்புக்குப் போகின்றன, அல்லது போக வேண்டும். முடிந்த திட்டங்களின் இறுதி அறிக்கை, முடியாதவற்றின் நிலை, எந்த விற்பனையாளர் பேச்சு மாறாதவர், எந்த அலுவலரிடம் தொலைபேசியில் பேசினால் போதும், எவரிடம் நேரில் போனால்தான் காரியம் நடக்கும் என்ற, எந்தப் படிவத்திலும் இடமில்லாத அறிவு எல்லாவற்றையும் அடுத்து வரும் தம்பதியருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அடுத்தவர்கள் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால் ஒரு வாரம் கூடவே அழைத்துச் சென்று காட்டலாம். விசா தாமதமாகி, நடுவில் மூன்று மாத இடைவெளி விழுந்தால், அந்த அறிவு பெரும்பாலும் உள்ளூர் ஓட்டுநரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் மட்டுமே தங்குகிறது. புதியவர்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள், உதவி கேட்பவர்களும் அதே கதையை மூன்றாவது தடவையாகச் சொல்கிறார்கள். இதைத் தவிர்க்க, தொடர்ந்து இருக்கும் உள்ளூர் ஊழியர்களிடம் பொறுப்பு மெல்ல மாறி வருகிறது. பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்தே தம்பதியர் தங்கள் பகுதிக்குள் அழைக்கப்படுவதும் உண்டு. அவர்களுக்கு மொழியும் நடைமுறையும் ஓரளவு முன்பே தெரியும், வறுமை அதிர்ச்சி தராது. ஆனால் ஓய்வூதியம் என்பதே பலருக்கு இல்லாத பொருளாதாரங்களில், அறுபது வயதில் கடையையோ நிலத்தையோ பதினெட்டு மாதம் விட்டுச் செல்லக்கூடியவர்கள் குறைவு. சொந்தச் செலவில் ஊழியம் என்ற விதி அமெரிக்க ஓய்வூதியதாரரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது அங்கேதான் தெரிகிறது.